மருத்துவக் கழிவுப் பொறுப்பு புதிதாக உங்கள் கைக்கு வந்திருக்கிறதா? பை கட்டுவது முதல் வண்டி ஏற்றுவது வரை

சின்ன மருத்துவமனை ஒன்றில் வேலைக்குச் சேர்கிறீர்கள். இரண்டாவது வாரமே மேலாளர் கூப்பிட்டு, ஒரு நீளமான பதிவேட்டையும் பின்கட்டு அறைச் சாவியையும் கொடுத்து, "இனிமே வேஸ்ட் எல்லாம் நீங்கதான் பார்த்துக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். எனக்கு இந்த வேலை இப்படித்தான் வந்தது. படிப்பில் ஒரு பாடமாகப் படித்திருந்தேன், நாலு நிறமும் மனப்பாடம். அது போதும் என்று நினைத்தேன்.

முதல் மாதத்திலேயே ஒரு நாள், எங்கள் தூய்மைப் பணியாளர் அக்கா சிவப்புப் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது தொடையில் ஊசி குத்திவிட்டது. பை ஆடி ஆடிக் காலில் இடிக்கும் இல்லையா, அப்படி. யாரோ ஒருவர் அவசரத்தில் ஊசியைக் கழற்றாமல் சிரிஞ்சை அப்படியே சிவப்புப் பையில் போட்டிருக்கிறார். யார் போட்டது, எந்த நோயாளிக்குப் போட்ட ஊசி, எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றிலிருந்து இந்த விதிகளில் எதைப் படித்தாலும் ஒரே ஒரு கேள்வியோடுதான் படிக்கிறேன்: இந்தப் பையை எனக்கு அடுத்துத் தொடப்போவது யார்? விதிகளில் பாதிக்கு மேல் அந்த ஆளுக்காக எழுதப்பட்டவை. அப்படிப் பார்த்தால் அவற்றை மனப்பாடம் செய்யத் தேவையே இருக்காது.

இந்தியச் சட்டத்தை வைத்து எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் தமிழ்நாட்டிலிருந்து வரும்.

முதலில் சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரின் வயதைப் பாருங்கள்

இந்தக் கழிவுக்கென்று தனி விதிகள் 1998 ஜூலையில் வந்தன. அப்போது கழிவை 10 வகையாகப் பிரித்தார்கள், கறுப்புப் பை கூட உண்டு. 2016 மார்ச் 28 அன்று அதை விலக்கி 'உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016' வந்தன. பத்து வகை போய் நாலு நிறமானது. அதன் பிறகு 2018-இலும் 2019-இலும் திருத்தங்கள் வந்தன. சிக்கல் என்னவென்றால் விதி மாறினாலும் சுவரில் இருக்கும் போஸ்டர் தானாக மாறாது. ஒரே கட்டடத்தில் பிரசவ வார்டில் ஒரு போஸ்டரும் ஆய்வகத்தில் அதற்கு நேர்மாறான இன்னொன்றும் தொங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

போஸ்டரில் கறுப்புப் பையோ பத்து வகைப் பட்டியலோ இருந்தால் அது 1998 காலத்தது. கிழித்துவிடுங்கள். நீல வகைக்கு "அட்டைப்பெட்டி" என்று போட்டிருந்தால் அது 2016-இல் அச்சடித்தது. 2018 திருத்தத்தில் அட்டைப்பெட்டி போய், குத்தினால் துளைபடாத, கசியாத பெட்டி அல்லது டப்பா என்று மாறிவிட்டது. ஈரமான கண்ணாடிக் குப்பிகளை அட்டையில் போட்டால் அடி ஊறிப் பிய்ந்துவிடும் என்பது ஒருமுறை தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வேதிக் கிருமிநீக்கத்துக்கு "10 சதவீத ஹைப்போகுளோரைட்" (குளோரின் கலந்த கிருமிநாசினி, வார்டில் 'ஹைப்போ' என்பார்கள்) என்று இருந்தாலும் அது பழையதுதான். இப்போது 1 முதல் 2 சதவீதம். 10 சதவீதக் கரைசலைக் கலக்குபவரின் கண்ணும் மூச்சும் என்ன பாடு படும் என்று யோசித்துப் பாருங்கள்.

விதி மாறியதா என்று வாட்ஸ்அப் செய்தியை நம்பி முடிவு செய்ய வேண்டாம். மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம், தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் இரண்டின் இணையதளத்தையும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பாருங்கள். கொரோனா காலம் இதை எங்களுக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்தது. 2020 மார்ச்சில் முதல் வழிகாட்டுதல் வந்தது, ஜூலைக்குள் அதை 4 முறை திருத்தினார்கள். இரட்டைப் பை, தனி லேபிள், பையின் வெளிப்பக்கம் கிருமிநாசினி என்று ஒவ்வொன்றாக வந்தது. ஆரம்பத்தில் நோயாளி சாப்பிட்ட மிச்சச் சோற்றைக்கூட மஞ்சள் பையில் போட்டு எரிக்க அனுப்பினோம். அப்புறம்தான் கறைபடாத உணவையும் உறைகளையும் பொதுக் குப்பையில் சேர்க்கலாம் என்று தெளிவுபடுத்தினார்கள். கையில் இருந்த தாளில் தேதி பார்க்காமல் வேலை செய்தவர்கள் பழைய முறையிலேயே மாதக்கணக்கில் போய்க்கொண்டிருந்தார்கள்.

காகித வேலை

இது சுவாரசியமில்லாத பகுதி, ஆனால் இது இல்லாமல் ஒரு பையைக்கூட வெளியே அனுப்ப முடியாது.

படுக்கை இருக்கிறதோ இல்லையோ, கழிவு உண்டாக்கும் எல்லா இடத்துக்கும் அனுமதி வேண்டும். பெரிய மருத்துவமனை மட்டுமில்லை. பல் கிளினிக், ரத்தப் பரிசோதனை நிலையம், கால்நடை மருத்துவமனை, சித்தா, ஆயுர்வேத மருத்துவமனை, ரத்ததான முகாம், தடுப்பூசி முகாம், பள்ளிக்கூடத்து முதலுதவி அறை எல்லாம் 2016 விதிகளுக்குள் வருகின்றன. படிவம் 2-இல் மாநில வாரியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், படிவம் 3-இல் அனுமதி வரும். படுக்கை இல்லாத இடங்களுக்கு ஒரே ஒரு முறை வாங்கினால் போதும்.

அடுத்தது, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு, அதாவது பல மருத்துவமனைகளின் கழிவை வண்டியில் எடுத்துப் போய்ப் பதப்படுத்தும் இடத்தோடு, ஒப்பந்தம். 75 கிலோமீட்டருக்குள் அப்படி ஒரு நிலையம் செயல்படுகிறது என்றால், நீங்கள் உங்கள் வளாகத்திலேயே சொந்தமாக எரிப்பானோ சுத்திகரிப்பு வசதியோ அமைக்கக் கூடாது. பின்பக்கம் குழி வெட்டிப் புதைப்பதும் அப்படித்தான். அது எட்டாத தொலைவில் இருக்கும் ஊர்களுக்கு மட்டும் கொடுத்த சலுகை. ஒப்பந்தத்தின் நகலில் உங்கள் படுக்கை எண்ணிக்கை சரியாக இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒரு முறை வண்டி வரும் என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். நான் பொறுப்பேற்றபோது எங்கள் ஒப்பந்தம் காலாவதியாகி 5 மாதம் ஆகியிருந்தது. யாருக்கும் தெரியவில்லை, வண்டி மட்டும் வந்துகொண்டே இருந்தது.

30 படுக்கைக்கு மேல் இருந்தால் கழிவு மேலாண்மைக்கென்று குழு ஒன்று வேண்டும். 6 மாதத்துக்கு ஒரு முறை கூடி, பேசியதை எழுதி வைக்க வேண்டும்.

பிரிப்பது: இங்கே தவறினால் பிறகு திருத்த முடியாது

கழிவு உருவாகும் அதே இடத்தில், அதே நிமிடத்தில் பிரித்தாக வேண்டும். "எல்லாத்தையும் ஒண்ணா போடுங்க, அப்புறம் பிரிச்சுக்கலாம்" என்றால் அந்த 'அப்புறம்' என்பது ஒரு பணியாளர் பைக்குள் கை விட்டுத் துழாவுவது. அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

மஞ்சள் பை, எரிக்கப் போகிறவற்றுக்கு. அறுவையில் எடுத்த உடல் பாகங்கள், ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, மாவுக்கட்டு, ரத்தப் பைகள், ரத்தம் பட்ட படுக்கைத்துணி, வழக்கமான மாஸ்க், கவுன், காலாவதியான மருந்து. ஆய்வகத்தின் நுண்ணுயிர்க் கழிவும் இதில்தான். புற்றுநோய் மருந்துக் கழிவு என்றால் அதைத் தனியாக வைத்து, அதற்குரிய லேபிளோடு அனுப்ப வேண்டும். அதை எரிக்க 1200 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும்.

சிவப்புப் பை, கிருமி நீக்கி மறுசுழற்சிக்குப் போகும் பிளாஸ்டிக்குக்கு. டிரிப்ஸ் குழாய், டிரிப்ஸ் பாட்டில், சிறுநீர்ப் பை, கதீட்டர், ஊசி நீக்கிய சிரிஞ்ச், கையுறை.

வெள்ளை டப்பா, கூரானவற்றுக்கு. இது பை இல்லை, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற, துளைபடாத, திறக்க முடியாத டப்பா. ஊசி, பிளேடு, கத்தி, விரலில் குத்தும் லான்செட்.

நீலப் பெட்டி, கண்ணாடிக் குப்பி, ஆம்பியூல், உடைந்த கண்ணாடி, உடலிலிருந்து எடுத்த உலோகத் தகடு, ஆணி போன்றவற்றுக்கு.

இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும். தடுமாறுவது நடுவில் மாட்டிக்கொள்ளும் பொருள்களில்தான், அதனால் அவற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

சாதாரண சிரிஞ்ச் என்றால் ஊசியை நீடில் கட்டரில் வெட்டி, ஊசி வெள்ளைக்கும் சிரிஞ்ச் சிவப்புக்கும் போகும். ஆனால் இன்சுலின் சிரிஞ்சில் ஊசி பிரிக்க முடியாமல் பொருத்தியிருக்கும். அதைப் பிய்க்க முயல வேண்டாம், முழுசாக வெள்ளை டப்பாவில் போடுங்கள். ஐ.வி. கான்யுலாவில் உள்ளே இருக்கும் உலோக ஊசி வெள்ளைக்கு, நரம்பில் தங்கியிருந்த பிளாஸ்டிக் குழாய் சிவப்புக்கு. கையுறை சிவப்பு, மாஸ்க் மஞ்சள். ஒரே ஆள் ஒரே நேரத்தில் கழற்றுகிற இரண்டு பொருள், இரண்டு நிறம். இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. அதனால் கழற்றும் இடத்தில் இரண்டு தொட்டியையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். டிரிப்ஸ் பாட்டில் பிளாஸ்டிக் என்றால் சிவப்பு, கண்ணாடி என்றால் நீலம்.

ஊசிக்கு மூடியைத் திரும்பப் போட்டுவிட்டுக் கட்டருக்குக் கொண்டுபோகும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பத்திரம் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் மூடும்போதுதான் இடது கை விரலில் குத்துகிறது. கட்டரை நோயாளியின் பக்கத்துக்கே கொண்டுபோகும் தள்ளுவண்டியில் வைத்தால் அந்தப் பழக்கம் தானாகக் குறையும். எங்கள் வார்டில் அப்படித்தான் குறைந்தது.

சிரிஞ்சைச் சுற்றி வந்த தாள், மருந்து அட்டைப்பெட்டி, டீ கப், சாப்பாட்டு இலை, இவை எதுவும் மருத்துவக் கழிவு இல்லை. உள்ளாட்சிக் குப்பை வண்டிக்குப் போக வேண்டியவை. மருத்துவமனைகளில் உண்டாகும் மொத்தக் கழிவில் ஏறக்குறைய 85 சதவீதம் இப்படிச் சாதாரணக் குப்பைதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் மஞ்சள் பை எப்போதும் வழிகிறது என்றால், பெரும்பாலும் காரணம் நோயாளிகள் கூடியது இல்லை. பார்வையாளர்கள் உட்காரும் இடத்தில் சாதாரணக் குப்பைத்தொட்டி இல்லாததுதான்.

ஆய்வகத்தில் வேலை என்றால் இன்னொரு படி இருக்கிறது. நுண்ணுயிர் வளர்த்த தட்டு, ரத்த மாதிரி, ரத்தப் பை இவற்றை அங்கேயே ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்குவது) செய்தோ கிருமிநாசினியாலோ முன்கூட்டிப் பதப்படுத்திவிட்டுத்தான் வெளியே அனுப்ப வேண்டும். 2016-இல் வந்த பெரிய மாற்றங்களில் இது ஒன்று. மற்றபடி எரிக்கப் போகிற மஞ்சள் பைக் கழிவின்மேல் பிளீச்சிங்கோ ஹைப்போவோ ஊற்றக் கூடாது. நல்லது என்று நினைத்து ஊற்றுகிறார்கள். குளோரின் சேர்ந்த பொருள் எரியும்போது டையாக்சின் என்ற நச்சு உண்டாகிறது. பி.வி.சி. போன்ற குளோரின் சேர்ந்த பிளாஸ்டிக் பைகளையும் கையுறைகளையும் 2019 மார்ச் 27-க்குள் கைவிட வேண்டும் என்று விதி சொன்னதும் இதனால்தான். ரத்தப் பைக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். பை வாங்கும்போது விலையை மட்டும் பார்த்து எடுக்காமல், குளோரின் இல்லாத பிளாஸ்டிக் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கட்டுவதும் லேபிள் ஒட்டுவதும்

முக்கால் பங்கு நிறைந்ததும் பையை மாற்றுங்கள். இன்னும் இடம் இருக்கிறதே என்று கையால் அமுக்குவதைப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள். பையின் கழுத்தைத் திருகி, மடித்து, டேக் போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். ஸ்டேப்ளர் கூடாது, பை கிழியும், அந்தப் பின்னே விரலில் குத்தும். காது முடிச்சு போட்டால் தூக்க வசதி, ஆனால் நடுவில் வாய் திறந்தே இருக்கும். ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குக் கொட்டி மாற்றக் கூடாது. கசிந்தால் அந்தப் பையை அப்படியே இன்னொரு பைக்குள் இறக்குங்கள். வெள்ளை டப்பாவை ஒரு முறை பூட்டினால் பூட்டியதுதான், திரும்பத் திறந்து "இன்னும் நாலு ஊசி" என்று போடக் கூடாது.

லேபிளில் உயிரி அபாயச் சின்னம், கழிவு உண்டான தேதி, எந்த வகை, அனுப்புபவர் பெயர், முகவரி, தொலைபேசி, பெறுபவர் விவரம், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண் எல்லாம் இருக்க வேண்டும். தண்ணீர் பட்டால் அழியாத லேபிளாக இருக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. பால்பாயின்ட் பேனாவால் எழுதியது மழைக்காலத்தில் ஒரே நாளில் கரைந்துபோனதைப் பார்த்த பிறகு நான் பெர்மனென்ட் மார்க்கருக்கு மாறினேன்.

அடுத்து பார்கோடு. பை, டப்பா எல்லாவற்றுக்கும் பார்கோடு இருக்க வேண்டும் என்பதும் 2019 மார்ச் 27-ஐக் கெடுவாக வைத்து வந்ததுதான். அதற்கு முன்பு "15 கிலோ கொடுத்தோம்" என்று நாம் எழுதுவதும் "15 கிலோ வாங்கினோம்" என்று அவர்கள் எழுதுவதும் வெறும் நம்பிக்கையில் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது ஒவ்வொரு பையும் தான் எந்த மருத்துவமனையில் பிறந்தது என்பதைத் தன்மேலேயே சுமந்துகொண்டு போகிறது. ஸ்டிக்கர் ஒட்டினால் மட்டும் போதாது, எடை போட்டு, ஸ்கேன் செய்து, வகைவாரியாக அன்றைய கணக்கில் ஏறியதா என்று பாருங்கள். முன்கூட்டியே ஐம்பது ஸ்டிக்கரை ஐம்பது காலிப் பையில் ஒட்டி வைப்பது பல இடங்களில் நடக்கிறது. அப்படிச் செய்தால் அந்தத் தேதிக்கு அர்த்தமே இல்லை.

வளாகத்துக்குள் நகர்த்துவதும் சேமிப்பதும்

மூடி போட்ட, கழுவக்கூடிய தள்ளுவண்டி வேண்டும். நோயாளிக்குச் சாப்பாடு போகும் நேரம், பார்வையாளர் நேரம் இரண்டையும் தவிர்த்து ஒரு நேரம் வகுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் தனி வழி. பையைத் தரையில் இழுத்துப் போகவோ, உடம்போடு அணைத்துத் தூக்கவோ, மாடியிலிருந்து போடவோ கூடாது. கனமான கையுறை, ஏப்ரன், மாஸ்க், முழுக்கால் மூடும் பூட்ஸ் இவை இல்லாமல் யாரையும் அனுப்பாதீர்கள். ரப்பர் செருப்போடு அனுப்புகிற மருத்துவமனைகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பணியாளர்களில் பெரும்பாலோர் ஒப்பந்த ஊழியர்கள், கேட்கத் தயங்குவார்கள். அவர்களுக்காக நீங்கள்தான் கேட்க வேண்டும்.

சேமிப்பு அறைக்குப் பூட்டு, கழுவ வசதியான தரை, தண்ணீர்க் குழாய், நிறவாரியாகத் தடுப்பு வேண்டும். நாய், பூனை, காகம் நுழையக் கூடாது. பதப்படுத்தாத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இந்தக் கணக்கு பை கட்டிய நேரத்திலிருந்து இல்லை, கழிவு உண்டானதிலிருந்து. அதனால்தான் சின்ன கிளினிக்குகளில் மஞ்சள் பை நிறையாவிட்டாலும் கட்டி அனுப்பிவிட வேண்டும். பொங்கல், தீபாவளி விடுமுறையில் வண்டி வராமல் 48 மணி தாண்டும் நிலை வந்தால், காரணத்தை எழுதி மாநில வாரியத்துக்குத் தெரிவித்து, நாற்றமோ தொற்றோ பரவாமல் என்ன செய்தீர்கள் என்பதையும் பதிவு செய்யுங்கள். விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டால் இந்தத் தலைவலி பெரும்பாலும் வராது.

வண்டி வாசலுக்கு வந்ததும்

வந்தது சரியான வண்டிதானா என்று பாருங்கள். ஒப்பந்த நிலையத்தின் பெயர், உயிரி அபாயச் சின்னம், அவசரத் தொலைபேசி எண் வெளியே எழுதியிருக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கும் பகுதியும் கழிவுப் பகுதியும் தனித்தனியாக, கழிவுப் பகுதி மூடியதாக, கசியாததாக இருக்க வேண்டும். ஜி.பி.எஸ். கருவி அந்த வண்டிக்குக் கட்டாயம். மற்ற குப்பையோடு சேர்த்து ஏற்றக் கூடாது. "இன்னிக்கு நம்ம வண்டி ரிப்பேர்" என்று திறந்த டெம்போவைக் கொண்டு வந்தால் கழிவைக் கொடுக்காதீர்கள். கோபப்படுவார்கள், பரவாயில்லை. எடை, பை எண்ணிக்கை, நேரம், வண்டி எண், கையெழுத்து எல்லாவற்றையும் உங்கள் முன்னாலேயே எழுதி வாங்குங்கள்.

பழைய பிளாஸ்டிக் கடைக்காரர் யாராவது சிவப்புப் பையை மட்டும் விலைக்குக் கேட்டு வருவார். நல்ல தரமான பிளாஸ்டிக், அதனால் நல்ல விலையும் சொல்வார். 2009-இல் குஜராத்தின் மொடாசாவில் மஞ்சள் காமாலையின் பி வகை (ஹெபடைடிஸ் பி) பரவிப் பலர் இறந்தது, பயன்படுத்திய ஊசியையும் சிரிஞ்சையும் திரும்பப் பயன்படுத்தியதால்தான். பழைய சிரிஞ்ச் சந்தைக்குத் திரும்பி வருவதும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. சுத்திகரிப்பு நிலையத்தில் சிவப்புப் பைப் பொருள்களை ஆட்டோகிளேவ் செய்தபின் உருத் தெரியாமல் துண்டாக்குவது அதைத் தடுக்கத்தான். மஞ்சள் பைகள் எரிப்பானின் முதல் அறையில் 800 டிகிரிக்கு மேல் எரிந்து, அந்தப் புகை இரண்டாவது அறையில் 1050 டிகிரி அளவில் குறைந்தது 2 விநாடி தங்கி வெளியேறுகிறது. முன்பு அந்த நேரம் 1 விநாடிதான், 2016-இல் இரண்டாக்கினார்கள். வாய்ப்புக் கிடைத்தால் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். உங்கள் பையில் தவறாகப் போட்ட டிரிப்ஸ் பாட்டில் அங்கே யார் கையில் மாட்டுகிறது என்று புரியும்.

ஊர் எல்லை, மாநில எல்லை

"எங்க வாசலைத் தாண்டிடுச்சு, இனி எங்க பொறுப்பு இல்ல" என்ற பேச்சு இப்போது எடுபடாது. 2024 டிசம்பரில் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் கேரள மருத்துவமனைகளின் கழிவு கொட்டப்பட்டது ஞாபகம் இருக்கும். கொட்டிய குவியலில் இருந்த காகிதங்களே எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுத்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 3 நாளில் எடுத்துப் போகச் சொன்னது. கேரள அரசு லாரிகளை அனுப்பித் திரும்ப எடுத்துப் போனது. அதன் பிறகு 2025-இல் தமிழ்நாடு, குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவக் கழிவை முறைகேடாகக் கொட்டுவோரையும் அதில் சேர்த்தது.

ஒன்றிய அளவில் வேறு ஒரு மாற்றம். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் முன்பு சிறைத் தண்டனை பற்றிப் பேசுவார்கள். 2024 ஏப்ரல் 1 முதல் அது 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதமாக மாறியிருக்கிறது. சிறை போனதே என்று நிம்மதிப்பட ஒன்றுமில்லை. நீதிமன்ற வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் அதிகாரியே விசாரித்து அபராதம் விதிக்க இப்போது வழி இருக்கிறது.

மாதிரி வேறு, கழிவு வேறு

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். நோயாளியின் ரத்தத்தையோ சளியையோ பரிசோதனைக்கு வேறு ஊருக்கு அனுப்புவது கழிவு விதிக்குள் வராது, அதற்கு மூன்றடுக்குப் பொதி வேண்டும். கசியாத குழாய், அதைச் சுற்றி உறிஞ்சும் பஞ்சு, கசியாத இரண்டாவது உறை, அதற்கு வெளியே உறுதியான பெட்டி. பெட்டியின் மேல் சாய்சதுரத்துக்குள் யூ.என். 3373 என்ற குறி, ஆபத்தான பொருள்களை அனுப்ப ஐ.நா. வகுத்த எண்களில் ஒன்று. அந்தப் பொதி 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உள்ளே உள்ளது கசியக் கூடாது.

சாதாரண மருத்துவக் கழிவுக்குச் சர்வதேசப் போக்குவரத்தில் யூ.என். 3291 என்று எண். 2014-இல் எபோலா பரவியபோது, நோயாளிகளின் மெத்தை, பாதுகாப்பு உடை என்று மலைபோல் குவிந்தவற்றை மாதிரிக் குழாய்க்கென்று வடிவமைத்த பெட்டிகளில் எப்படி அடைப்பது என்று தெரியாமல் திணறினார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு மிகக் கொடிய கிருமி கலந்த திடக்கழிவுக்கென்று யூ.என். 3549 என்ற புதிய எண் உருவாகி 2021 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் வார்டில் அது தேவைப்படாமலே போகலாம். தேவைப்படும் நாள் வந்தால் நீங்களாகப் பொதி கட்டாமல் சுகாதாரத் துறைக்கு உடனே தகவல் சொல்லுங்கள்.

எழுதி வைக்க வேண்டியவை

தினசரி எடைக் கணக்கு, ஒப்படைத்த ரசீது, பயிற்சிப் பதிவு, தடுப்பூசிப் பதிவு, ஆட்டோகிளேவ் பதிவு எல்லாவற்றையும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். முந்தைய ஆண்டுக்கான அறிக்கை படிவம் 4-இல் ஜூன் 30-க்குள் போக வேண்டும். ஜூன் 28 அன்று உட்கார்ந்து 12 மாத ரசீதைத் தேடாமல், மாதக் கடைசியில் கூட்டி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டே வாருங்கள். பயிற்சி, வேலையில் சேரும்போது ஒரு முறை, அப்புறம் ஆண்டுக்கு ஒரு முறையாவது. அதைத் தமிழில் நடத்துங்கள், வடமாநிலப் பணியாளர்கள் இருந்தால் இந்தியிலும். ஆங்கிலப் படவிளக்கத்தை ஓடவிட்டுக் கையெழுத்து வாங்குவதற்குப் பெயர் பயிற்சி இல்லை.

யாருக்காவது ஊசி குத்திவிட்டால்

பதற வேண்டாம், ஆனால் காத்திருக்கவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். அந்த இடத்தை அமுக்கி ரத்தம் பிழியக் கூடாது, விரலை வாயில் வைக்கக் கூடாது, ஹைப்போவிலோ ஸ்பிரிட்டிலோ முக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையா என்று அவர் முடிவு செய்வார். தேவை என்றால் முதல் வேளை 2 மணி நேரத்துக்குள் கிடைப்பது நல்லது, 72 மணி தாண்டினால் பயனில்லை. உங்கள் இடத்தில் அந்த மருந்து இல்லை என்றால் எந்த அரசு மருத்துவமனையில் இரவிலும் கிடைக்கும் என்பதை இன்றைக்கே விசாரித்து, அந்த எண்ணை ஊசி அறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். வண்டி கவிழ்வது, நீர்நிலையில் கழிவு கலப்பது போன்ற பெரிய விபத்து என்றால் உடனே தகவல் சொல்லி, 24 மணி நேரத்துக்குள் படிவம் 1 அனுப்ப வேண்டும். ஊசிக் காயம் அந்த வகையில் வராது, ஆனாலும் பதிவேட்டில் எழுதி ஆண்டறிக்கையில் சேர்க்க வேண்டும்.

அந்த நோய் உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால், மூன்று பேரில் ஒருவர் வரைக்கும்கூடத் தொற்றிவிடக்கூடியது மஞ்சள் காமாலையின் பி வகை, தடுப்பூசி போடாதவர்களுக்கு. எச்.ஐ.வி.யைவிடப் பல மடங்கு எளிதாக ஊசி வழியே பரவும். கழிவைத் தொடும் எல்லாருக்கும் அந்தத் தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் போட வேண்டியது மருத்துவமனையின் கடமை. எங்கள் அக்காவுக்கு அன்றைக்கு அது போட்டிருக்கவில்லை. எட்டு ஆண்டுகளாக அதே மருத்துவமனையில் வேலை பார்த்தவர். 6 வாரம், 3 மாதம், 6 மாதம் என்று ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் நான் கூடவே போனேன், ஒவ்வொன்றும் நல்லபடியாகவே வந்தது. நீங்கள் பொறுப்பேற்ற முதல் நாள், பதிவேட்டைத் திறப்பதற்கு முன்பு, தூய்மைப் பணியாளர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்து, யாருக்கெல்லாம் பி வகைத் தடுப்பூசியின் மூன்று தவணையும் போட்டாயிற்று என்று ஒவ்வொருவரிடமும் நேரில் கேளுங்கள்.